கன்னத்துப் பொட்டு

பொட்டு இடம் மாறியிருந்தது. காலையில் வேலையைத் தொடங்கும்போது படத்தில் பிள்ளையின் காதோரமாக இருந்த கறுப்புப் புள்ளி, இப்போது மூக்குப் பக்கமாக வந்து நின்றது.

சுபஸ்ரீக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஊரார் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் வீடியோ செய்து கொடுக்கிறவள் அவள். இன்று தன் மகனுக்கே முதல் பிறந்தநாள் என்றதும் கம்ப்யூட்டருக்குத் திமிர் ஏறிவிட்டது போலிருந்தது. கல்வராயன் மலைக்குப் போனபோது இளவரசனை ஓடைப் பாறையில் உட்கார வைத்து எடுத்த ஒரு போட்டோ. அந்த முகத்தைச் சிரிக்க வைத்து, கண் சிமிட்ட வைத்து, பின்னால் தண்ணீரை ஓட விட்டிருந்தாள். முழுத் தெளிவில் ஓட்டினால் இந்தக் கிழட்டு மெஷின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முக்கி முனகும். அதனால் ஓட்டிப் பார்க்கிற பிரிவியூவைக் கால்வாசித் தெளிவில் வைத்துத்தான் வேலை பார்ப்பாள். படம் வேகமாக ஓடும், எல்லாம் மங்கலாகத் தெரியும். அந்த மங்கலில் திருஷ்டிப் பொட்டும் ஒரு கறுப்புச் சொட்டுதான்.

கணவன் காசிநாதன் முன்கூட்டியே விழா மண்டபத்துக்குப் போய்விட்டான். மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஜன்னலைச் சாத்திய அறையில் மெஷினின் ஃபேன் இரைச்சலும், வாசலில் வாளிக்குள் சொட்டுகிற தண்ணீரும், முதுகுக்குப் பின்னால் தூளியில் தூங்குகிற இளவரசனின் சளி கரகரக்கும் மூச்சும், எங்கிருந்தோ அழுகிய வாழைத்தண்டு போல ஒரு நாற்றமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முகத்தோடு பொட்டு சரியாக ஒட்டவில்லையோ என்று தெளிவை அரைவாசிக்கு ஏற்றினாள். ஓட்டம் தடுமாறியது. பொட்டின் ஓரம் ஈரமாகப் பளபளத்தது. முழுத் தெளிவுக்கு வைத்தாள். படம் ஊர்ந்தது. பொட்டுக்கு வரி வரியாக உடம்பு இருந்தது. ஒரு முனையை நீட்டிக் கன்னத்தில் ஒட்டி, மறுமுனையை இழுத்துக்கொண்டது. வந்த வழியெல்லாம் மூக்குச்சளி போல ஒரு கோடு.

அப்போதுதான் நினைவு வந்தது. மலைக்குப் போன அன்று மை டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தாள். அன்று பிள்ளைக்குப் பொட்டே வைக்கவில்லை.

எழுந்து தூளியை விலக்கினாள். தூங்குகிற மகனின் கன்னத்தில், மூக்கருகே, அது இருந்தது. விரல் பட்டதும் சில்லென்று சுருங்கியது. பிடுங்கினாள். வழுக்கிக்கொண்டு நீண்டது, கன்னத்துச் சதையும் கூடவே எழும்பியது, விட்டதும் பழையபடி ஒட்டிக்கொண்டது. விரலில் அந்த வாழைத்தண்டு நாற்றம். நைட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. சமையலறைக்கு ஓடி உப்பை அள்ளி வந்து தேய்த்தாள். பிள்ளைதான் வீறிட்டு அழுதான். அது அசையவில்லை. திரையில் அடுத்த ஃப்ரேம் வந்தது. அப்போது அசைந்தது.

காசிநாதன் போனில் கூப்பிட்டான். வீடியோ எங்கே என்று கேட்டான்.

“வூட்டுக்கு வாங்க. புள்ள கன்னத்துல அட்டை ஒட்டிக்கினு கீது, வர மாட்டேங்குது.”

“உப்பு போடு, வுழுந்துடும். எல்ஈடி ஸ்கிரீன்காரன் குந்திக்கினு கீறான் இங்க. கிளாரிட்டி கம்மியா இருந்தா இன்னா, ஸ்பீடா முடிச்சி அனுப்பு.”

போனை வைத்துவிட்டான். போட்டோவையே அழித்துவிடப் பார்த்தாள். திணறிக்கொண்டிருந்த மெஷின் கேட்கவில்லை. பாரத்தைக் குறைத்தால் கேட்கும் என்று தெளிவைக் கால்வாசிக்கு இறக்கினாள். படம் வேகம் பிடித்தது. கறுப்புச் சொட்டு மளமளவென்று உதட்டை நோக்கி ஓடியது. தூளிக்குள் பிள்ளைக்குப் புரையேறியது. பதறிப்போய் முழுத் தெளிவுக்கே திருப்பினாள்.

வேகமாக விட்டால் அது வாய்க்குள் போய்விடும். மெதுவாக விட வேண்டுமானால் அதை முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தாள். முன்முனை விரிந்தது. உள்ளே வெளிர் சிவப்பாகச் சதை, அதில் பொடிப் பொடியாகப் பற்கள். மகனின் கீழுதட்டை நக்கியது.

திரையின் அடியில் பச்சைக் கோடு நீண்டுகொண்டிருந்தது. ஃப்ரேம்கள் தயாராகத் தயாராக நீள்கிற கோடு. முனையைத் தொட்டுவிட்டால் முழுத் தெளிவிலும் படம் முழு வேகத்தில் ஓடும். தினமும் அதற்காகத்தான் காத்துக் கிடப்பாள்.

இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். படம் நின்றது. அழுகையும் நின்றது.

திரும்பினாள். ஆடிக்கொண்டிருந்த தூளி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

மறுபடி தட்டினாள். தூளி ஆடியது. அழுதான். அது உதட்டைத் தாண்டியது.

தட்டினாள். நின்றது. மூச்சும்.

விரல் ஸ்பேஸ் பார் மேலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை. அழுத்தவும் முடியவில்லை.

திரையில் இளவரசன் சிரித்தபடி உறைந்திருந்தான். இமை அசையவில்லை. பின்னால் ஓடைத் தண்ணீர் அசையவில்லை. உதடுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு வால் மட்டும், நின்றுபோன அந்தப் படத்தில், சுருங்கிச் சுருங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.