கறுப்புக்கு அடுத்து வெள்ளையா?

காரைக்குடி டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கொட்டியது பாருங்கள், ஐப்பசி மழை! மெட்ராஸிலிருந்து வந்திருந்த குமரப்பன், கூட இறங்கிய வீரலட்சுமியின் குடைக்குள் அடைக்கலம் புகுந்தான். சட்டை நனையலாமாம்... கையிலிருந்த காகிதக் கட்டு நனையக் கூடாதாம்!

"அப்படி என்னங்க அதுல?"

"பெயிண்ட் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் போட்ட அட்டவணை. எந்தக் கலரை எப்பக் கலக்கணும்னு அதுவே சொல்லிடும். இனிமே கையால எழுதுற கிளார்க் தேவையில்ல."

நல்ல கண்கள்தான் அவனுக்கு. இருந்து என்ன செய்ய?

"அந்தக் கிளார்க் நாந்தான்!" குடையோடு விலகி நடந்தாள்.

கம்பெனியில் மேனேஜர் அட்டவணையைச் சுவரில் ஒட்டினார். "இது சரியா நடந்தா, சனிக்கிழமையோட நீ நின்னுக்கலாம்மா."

முதல் வரியிலேயே வீரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் கறுப்பு, அதே தொட்டியில் மதியம் வெள்ளை!

"ஊடால தொட்டி கழுவ எம்புட்டு நேரம் போட்டிருக்கீக?"

"எந்தக் கலருக்கும் ஒரு மணி நேரம். மேனேஜர் சொன்னார்."

"அவுக என்னைக்குத் தொட்டி கழுவுனாக?"

குமரப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜருக்கு வரவில்லை.

"வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கடைசியாத்தான் கறுப்பு. அப்படின்னா ஒரு அலசு போதும். கறுப்புக்கு அடுத்து வெள்ளைன்னா ஒரு நாள் போயிரும். நம்பலைன்னா அங்குட்டு வந்து கழுவிப் பாருங்க!"

கழுவினான்! மண்ணெண்ணெயும் துணியுமாக அந்திவரை தேய்த்தான். மூக்கெல்லாம் கறுப்பு. அப்புறம் கலந்த வெள்ளை, சாம்பலாக வந்தது. ஐயோ பாவம்... அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அந்தப் பொண்ணு வேணும்னே கெடுத்துட்டான்னு எழுதிக் குடுங்க. இல்லாட்டி உங்க வேலைக்கே ஆபத்து," என்றார் மேனேஜர்.

குமரப்பன் முதலாளிக்கே எழுதினான். 'தவறு என்னுடையது. விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் கணக்குப் போட்டேன். வரிசையை வீரலட்சுமி சொல்லட்டும், கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும்.' மறுநாள் அவள் எழுதிய வரிசைதான் சுவரில் ஏறியது.

நேரே அவனிடம் போய் நின்றாள். "எம்மேல பரிதாபப்பட்டு எழுதுனீகளா?"

"பரிதாபமா? உங்களப் பார்த்தா பயமா இருக்குங்க..."

"பயந்தவுக எதுக்கு இப்படிப் பாக்குறீக?"

"பிடிச்சிருக்கு... அதான்."

அவள் தலை குனியவில்லை.

"எனக்குந்தான் பிடிச்சிருக்கு. பொண்ணு கேட்டு வீட்டுக்கு வாங்க. ஆனா, கல்யாணத்துக்கப்புறம் வேலைய விடணும்னு உங்க பக்கம் ஒரு ஆளு சொன்னாலும்... காப்பியக் குடிச்சிட்டு நீங்க ஊருக்குப் போயிரலாம். நான் ஏழு மணி ஷிப்டுக்குப் போயிருவேன்!"