கோரைக்குள் பிண வாடை

"அக்கா...!"

கேத்தரினின் அலறலில் பெங்களூர் காக்ஸ் டவுனின் அந்தத் தெருவே திடுக்கிட்டது.

1936. தவக்காலத்தின் மூன்றாவது வாரம். ரெமிஜியஸ் மாஸ்டர் வீட்டுக்குப் பின்னாலிருந்த, கோரை மண்டிய சேற்று நிலத்திலிருந்து பிண வாடை!

மாஸ்டரின் மனைவி பியாட்ரிஸ் காணாமல் போய்ப் பன்னிரண்டு நாள். புகார் கொடுத்ததே மாஸ்டர்தான். மனைவி திரும்பி வர வேண்டிக்கொண்டு, மறுநாளே முற்றத்தில் தன் கையாலேயே கல்லில் குகைபோல மாதா கெபி கட்டியவரும் அவரேதான். பியாட்ரிஸின் தங்கை கேத்தரின் தினமும் அதன்முன் முழங்கால் போட்டு அழுதாள்.

இன்று மாலை மெட்ராஸ் மெயிலில் மாஸ்டர் ஊரைவிட்டே போகிறார். அதற்குள் அக்கா என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும்!

இன்ஸ்பெக்டர் சுந்தரேசன் வந்தார். கூடவே, கடப்பாரையும் அரிவாளுமாகக் கான்ஸ்டபிள் ஜெயராஜ்.

"கோரையை வெட்டிட்டு உள்ள போய்யா!"

"வாந்தி வருது சார்..."

"மூக்கைக் கட்டிக்கிட்டுப் போ!"

கேத்தரின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். மாஸ்டர் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார்.

பத்து நிமிடம்...

"சார்! பிணம் இல்ல சார்... பூ!"

"என்னய்யா உளர்றே?"

"காட்டுச்சேனை சார்! முறத்தளவு இருக்கு. அழுகின மாமிச நெறம். ஈ மொய்க்குது. நாத்தம் இதுலதான்!"

கேத்தரின் சிரித்தாள். உடனே அழுதாள்.

"அக்கா உயிரோட இருக்கா மாமா!"

"நான்தான் சொன்னேனே" என்ற மாஸ்டர் பெட்டியைத் தூக்கினார்.

சேறும் சகதியுமாக வந்த ஜெயராஜ், கடப்பாரையைக் கெபியின் மேல் சாத்தினான்.

"ஏய்! அங்க வெக்காதே!"

மாஸ்டர் பாய்ந்தார். சுந்தரேசன் மெல்லத் திரும்பினார்.

"மாஸ்டர்... பிண வாடைன்னதும் இந்தப் பொண்ணுக்கு உயிரே போச்சு. நீங்க மணி பார்த்தீங்க. கோரைக்குள்ள உங்க சம்சாரம் இல்லேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

"பதட்டத்துல சார்..."

"பதட்டம் இப்பத்தான் வந்திருக்கு. கடப்பாரை கெபியைத் தொட்டதும்!"

பெட்டி நழுவி விழுந்தது.

"ஜெயராஜ், மாதா சொரூபத்தைப் பத்திரமா எடுத்து வை. கீழ உடை."

"புண்ணிய இடம் சார்! கைய வெக்காதீங்க!"

நாலாவது அடியில் கல் பெயர்ந்தது. கொட்டிய சுண்ணாம்புக்கு அடியில்... ஜெபமாலை சுற்றிய ஒரு கை!

கேத்தரின் இந்த முறை அலறவில்லை.

"இத்தனை நாளா... அக்கா மேலயே முட்டி போட்டு, அக்காவக் கொண்டாந்து விடும்மான்னு கேட்டிருக்கேனே..."

அவளைப் பார்க்க முடியாமல் சுந்தரேசன் மாஸ்டரின் சட்டைப்பைக்குள் கைவிட்டார். இரண்டு ரயில் டிக்கெட்!

"இன்னொண்ணு எந்தப் பொம்பளைக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் கையில் விலங்கு மாட்டப்பட்டது.

ஜெயராஜ் நோட்டைப் பிரித்தான்.

"துப்பு கொடுத்தது யாருன்னு எழுதறது சார்?"

"காட்டுச்சேனைன்னு எழுதிக்கோ. ஆனா சாட்சிக்கு மட்டும் கூப்பிட்டுடாதே... கோர்ட்டு காலியாயிடும்!"