பின் இருக்கை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே தானோடிகளில் ஏறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும். சாலையைப் பார்ப்பவர் யாருமில்லை. மனிதக் கை ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்து இருபது வருடமாயிற்று. தாரிகாவும் அவள் கணவர் கவினும் மட்டும் கொட்டகைக்குப் போய்த் தங்கள் இரண்டு கிழட்டுக் கார்களையும் கொஞ்சநேரம் உறுமவிட்டுக் கேட்பார்கள். வருடத்தில் ஒருநாள், கையோட்ட நாளன்று, பழைய விமான ஓடுதளத்தில் அவற்றை ஓட்டலாம்.

இந்த வருடம் அதிலும் மண் விழுந்தது. இனி வீட்டுக்கு ஒரு கையோட்ட வண்டிதான், மற்றது உருக்காலைக்கு.

வாரம் முழுக்க வீட்டில் இதே சண்டை.

"உங்க ரோட்ஸ்டர்ல கூரையுமில்ல, பின் சீட்டுமில்ல. டிக்கியில ஒரு பூசணிக்காய் வெச்சா மூட முடியாதுங்க. மழை வந்தா நாமதான் அதுக்குக் குடை புடிக்கோணும்."

"உன்ற செடான் மட்டும் என்னவாம்? கல்யாண மண்டபமாட்ட இருக்குது. திருப்பறதுக்குள்ள முகூர்த்தமே முடிஞ்சுரும். வால்பாறை ஏத்தத்துல என்ற வண்டியில உக்காந்துட்டு நீ கூவுன கூவல் மறந்துருச்சா அம்மிணி?"

மறக்குமா? கூந்தல் அவிழ்ந்து பறக்க, தொண்டை வலிக்கும்வரை கூவியிருந்தாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது.

"மதி வளர்ந்ததே செடான்லதானுங்க."

மகள் நிறைமதி செவ்வாய்க் கிரகக் குடியிருப்புக்குப் போய்விட்டவள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை.

"இனி நாம ரெண்டு பேருதானே" என்றார் கவின் மெதுவாக. அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை.

ஓடுதளத்துக்கு இரண்டு கார்களையும் இழுவையில் கொண்டுவந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த கவின் இறங்கிவந்தார். "சரி, செடானையே வெச்சுக்கலாம். போய் ஓட்டிக் காட்டு." அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஓடுதள வாசலில் இருந்த சோதனைக் கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டியை அளந்தது.

"உட்புறக் கண்ணாடி சாலையைக் காட்டவில்லை. பின் இருக்கையைக் காட்டுகிறது. சரிசெய்யவும்."

தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்காகத் தாரிகா தாழ்த்திவைத்த கண்ணாடி அது. குழந்தை வளர்ந்து, விண்கலம் ஏறிய பிறகும் அவள் அதை உயர்த்தவேயில்லை.

"சரிசெய்யாவிட்டால் அனுமதி இல்லை."

கவின் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"ஒரு திருப்புத் திருப்புனா வண்டி மிஞ்சும், அம்மிணி. இல்லீன்னா உலைக்குப் போயிரும்."

"தெரியுதுங்க. என்னால அவ மேலிருந்து கண்ணை எடுக்க முடியல."

உருக்காலை இழுவை செடானைத் தூக்கிப் போனது. கவின் ரோட்ஸ்டரின் சாவியை அவளிடமே கொடுத்தார்.

ஓடுதளத்தில் காற்று பழையபடியே முகத்தில் அறைந்தது. கொஞ்ச தூரம் போனதும் பழக்கதோஷத்தில் அவள் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெல்லப் பேசுங்க…"

கவின் எதுவுமே பேசியிருக்கவில்லை.