இல்லாத கால்

இல்லாத காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அவள் விரல்களில் அன்று மாலை சூடு தட்டியது.

கணவனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை. வெறும் போர்வையின் மேல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அப்படியே கிடந்தது. செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் அவளுக்கு இது தெரிந்த சங்கதிதான். அங்கே வருகிறவர்கள் பலரும் சொல்வார்கள். ஒருநாள் அவன் துடித்தபோது, வேறு வழி தோன்றாமல், அந்த வெற்றிடத்தில் கைகளை வைத்துப் பிசைந்தாள். வலி அடங்கியது. அன்றிலிருந்து தினமும் அதே வேலை. அவளே அச்செடுத்து, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய புதுக் காலை அவன் தொடக்கூட இல்லை.

"அத மாட்டிக்கிட்டா நீ இத விட்டுடுவ, குருவி" என்பான். அவளை அவன் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

வலி ஏறும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான். இறங்கியதும் கன்றிய இடத்தில் முகம் புதைத்து அழுவான். அந்த ஈரம் பட்டதும் அவளுக்குள் எல்லாம் இளகிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் தாங்குகிறோமோ என்று நினைப்பாள். நினைத்துவிட்டுப் பயப்படுவாள்.

அன்று மாலை, சூடு தட்டிய கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"இப்பவாவது வாயத் தொறந்தியே. நாளைக்கு சாயங்காலம் கார எடுத்துட்டு வரேன், பையோட நில்லு."

"அவர யாருக்கா பாத்துப்பாங்க?"

"அவருக்குத் தம்பிங்கன்னு மூணு தடிமாடுங்க இருக்கானுங்கல்ல? அவர், அவர்னு… கையில இருக்கிற காயம் ஆறட்டும்டி மொதல்ல."

மறுநாள் அவன் அமைதியாகப் படுத்திருந்தான். மழை விட்டு விட்டுப் பெய்தது. மருந்து நெடியும் ஈரச் சுவரின் வாடையும் அறையை நிறைத்திருக்க, வழக்கம்போல் அவள் போர்வையின் மேல் கை வைத்தாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் துணி.

"வலி இல்லையா?"

"இருக்கு. ஆனா கால் இங்க இல்ல." கூரையைப் பார்த்துச் சிரித்தான். "எங்கயோ நடக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள அவன் தம்பிகளில் ஒருவன் வரும் நேரம்தான். கட்டிலுக்கடியிலிருந்து பையை உருவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

பின்னால் ஈரத் தரையில் வெறுங்கால் பதியும் சத்தம். பட்டறையில் எத்தனையோ பேரை நடக்கவிட்டு, எந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்று கேட்டுப் பழகிய காது. முதலில் குதிகால். பிறகு விரல்கள்.

இடது.

நின்றது. மறுபடி இடது. வலது வரவேயில்லை.

திரும்பிப் பார்க்காமல் வாசல் கதவுக்கு ஓடினாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் கார் விளக்கு. தாழ்ப்பாளை நீக்கக் கை உயர்த்தினாள். அவள் பாதத்தின் மேல் ஏதோ ஏறி நின்றது.

சூடு. ஒரு ஆளின் முழுப் பாரம்.

குனிந்து பார்த்தாள். தன் பாதத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அது மட்டும் மெல்லத் தட்டையாகிக்கொண்டிருந்தது. இழுத்தாள். வரவில்லை.

உள்ளேயிருந்து அவன் விசும்பும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். தாழ்ப்பாளுக்குப் போன கை கீழே இறங்கியது. பை விழுந்தது. உட்கார்ந்து, அந்த வெற்றிடத்தை இரு கைகளாலும் பற்றினாள். கணுக்கால். அதன் நரம்பு. துடித்தது.

"ரொம்ப வலிக்குதா?"

அது இன்னும் அழுத்தியது. அவள் பாதத்துக்குள் எலும்பு ஒன்று நொறுங்கியது. அக்கா கண்ணாடியை அறைந்தாள். அக்காவின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. இவள் நிமிரவில்லை. தன் கால் நகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துவருவதைப் பார்த்தபடி, வெறுங்காற்றை இதமாக, இன்னும் இதமாகப் பிசைந்துகொண்டிருந்தாள்.