யாரும் அஞ்சாத வேட்பாளர்

அமிர்தவல்லி விரலை நுழைத்ததும் கருவி அதை வெதுவெதுப்பாகப் பற்றிக்கொண்டது. எதிரே ஒரு சின்னத் திரை. அதன் அடியில் வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டை, பட்டையின் மேல் ஒரு முள். மூன்று வேட்பாளர்களின் முகங்களும் ஒவ்வொன்றாக வரும், சும்மா பார்த்தால் போதும். கடம்பத்தீவில் வாக்களிப்பது அவ்வளவுதான். சீட்டும் கிடையாது, மையும் கிடையாது.

தீவுக்கு விடுதலை கிடைத்து ஒரு மழைக்காலம்கூட முழுசாகக் கழியவில்லை. இதுதான் முதல் பொதுத்தேர்தல். தமிழர், கிரியோலர், மலாய்க்காரர் என்று மூன்று சனம் வாழும் இடம். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் அவரவர் அவரவர் ஆளைத்தான் சொல்வார்கள். பெரிய சனம் ஜெயிக்கும், சின்ன சனம் மூட்டை கட்டிக்கொண்டு படகேறும். பக்கத்துத் தீவுகளில் அந்தக் கூத்தெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அதனால் இங்கே சட்டம் எழுதியவர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். யாரைக் கண்டால் உங்களுக்குப் பயம்? எல்லாச் சனத்தின் பயத்தையும் கூட்டிப் பார்த்து, எவர்மேல் அது ஆகக் குறைவோ அவர் ஆளட்டும்.

விரல் நுனியின் நாடியையும் வியர்வையையும் வைத்துப் பயத்தை அளக்கும் அச்சமானி பிறந்த கதை இதுதான். முள் எங்கே நின்றது என்பது வாக்காளருக்கு மட்டுமே தெரியும். கூட்டுத்தொகையில் சேர்ந்த மறுகணம் அழிந்துவிடும் என்று அரசு சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தது. ஊரும் நம்பியது.

முதலில் கரும்புத்தோட்ட முதலாளி லாரோஷின் முகம் வந்தது. முள் பாதி தூரம் போய் நின்றது. அடுத்து தபால் நிலைய எழுத்தர் பெனுவா. முள் அசையவே இல்லை, தூங்கிவிட்டதோ என்று தோன்றியது. மூன்றாவதாக இருளப்பன், துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர், அமிர்தவல்லியின் கணவர்.

முள் துள்ளிப் போய்ச் சிவப்பின் கடைசியில் முட்டியது.

இருளப்பனின் பிரசாரத்தைப் பாதிக்கு மேல் இழுத்தவளே அவள்தான். கிரியோலர் வீடு, மலாய் வீடு என்று பாராமல் ஏறி இறங்கி, "சமையக்கட்டுல மாட்டி வைங்க, பார்த்துப் பார்த்துப் பழகிடும்" என்று அவர் படத்தைக் கொடுத்தவள். அதற்கு முகப்பழக்கம் என்று பெயர். அச்சமானி வந்த பிறகு தீவில் இதுதான் பிரசாரம். நம் ஆளின் படத்தைப் பழக்க வேண்டும், மற்றவர் மேல் புரளியைக் கிளப்ப வேண்டும்.

"அக்கா, இது ரிப்பேர். இன்னொரு தடவை வச்சுக்கிறேன்" என்றாள்.

சாவடி அதிகாரி நூராயினி மறுப்பாகத் தலையசைத்தாள். "காலையிலேர்ந்து ஊரே விரல் வச்சாச்சும்மா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரெண்டாந்தடவைக்குச் சட்டத்துல இடமில்லை." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் எதையும் பார்க்கல. தைரியமாப் போங்க."

வீட்டுக்கு நடக்கும்போது அமிர்தவல்லி தனக்குத்தானே வழக்காடிக்கொண்டாள். அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. குடி கிடையாது. கோபம் உண்டு, யாருக்குத்தான் இல்லை? அந்தக் கோபம் வெள்ளைக்காரத் துரைகளிடம் சீறியபோது ஊரே விசிலடித்தது. ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்துவது யார்? குழம்பில் உப்பு கூடிவிட்டால், அவர் வாயில் வைக்குமுன்பே தானே சொல்லித் தொலைத்துவிடுவது யார்? ஒருமுறை சோற்றுத் தட்டு பறந்து சுவரில் மோதியதும், அது தன்மேல் படவில்லையே என்று அவள் நன்றியோடு நினைத்ததும் இப்போது நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷமாக மரியாதை என்று பெயர் வைத்திருந்ததை ஒரு முள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெனுவா ஜெயித்தார், அதுவும் மயிரிழையில். அப்பா கிரியோலர், அம்மா தமிழச்சி, கட்டியது மலாய்ப் பெண்ணை. ஒரு மேடையிலும் அவர் பேசியதில்லை. யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் எச்சில் இலை எடுப்பார், யார் வீட்டு எழவானாலும் நாற்காலி சுமப்பார். "இலை எடுக்கிறவன் நாட்டை என்னத்த ஆளப்போறான்" என்று இருளப்பன் கடைசி நாள்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

சாவடிவாரியாக முடிவு வந்ததும் சிரிப்பு நின்றது.

"துறைமுகச் சாவடியிலதான் கவுந்திருக்கேன். என் தெருவு, என் சனம்! என்னைக் கண்டு பயந்தது எவன்?" கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "விடமாட்டேன் வல்லி. கோர்ட்டுக்குப் போய் மெஷினைப் பிரிக்கச் சொல்றேன். எவன்னு தெரிஞ்சாகணும்."

"அதான் அழிச்சிடுவாங்கன்னு சொன்னாங்களேங்க. போனது போகட்டும், விடுங்களேன்."

"எப்படி விடறது?" என்று அவர் மேசையைத் தட்டினார். அவள் அடுப்பைப் பார்க்கும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இருளப்பன் வக்கீலைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"அண்ணி, சாப்பிட்டாச்சா? பெனுவா பேசறேன்."

நாட்டின் அதிபர், பக்கத்து வீட்டுப் பையனைப்போலப் பேசினார். அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

"அண்ணன் வழக்குப் போடறதாக் கேள்விப்பட்டேன். வேண்டாம்னு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். மெஷினைப் பிரிச்சா உங்க வீட்டுக்குள்ளதான் சங்கடம் வரும். சிவப்போட கடைசிவரைக்கும் போயிருக்கே அண்ணி."

"அதையெல்லாம் அழிச்சிடுவோம்னு சொன்னீங்களே?"

"சனங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு தெரியாம அவங்களைக் காப்பாத்தறது எப்படி? எல்லாருடையதும் பத்திரமா இருக்கு. நான் இருக்கிறவரைக்கும் வெளியே போகாது." பிறகு, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அந்தக் குரல் காதைவிட்டுப் போக மறுத்தது. எந்த முகத்தைப் பார்த்து முள் தூங்கியதோ, அதே முகத்துக்கு இப்போது அது எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். நானே சொல்லிவிட்டால் பெனுவாவின் பிடி விட்டுப்போகும். வீட்டுக்காரர் கத்தட்டும், தட்டை வீசட்டும். நான்தான் பயந்தேன், நீங்கள் வழக்கை நடத்துங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

இருளப்பன் வந்தபோது கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

"வழக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

"ஏன்?"

"சும்மாதான். ஊர் அமைதியா இருக்கட்டுமே." அவர் அவளைப் பார்க்கவில்லை. துரைகளின் துப்பாக்கிக்கு எதிரே நின்று சங்கக் கொடியேற்றிய மனிதர், தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா?"

"இல்லையே. உங்களுக்கு?"

"எனக்கு எவன் பண்ணப்போறான்?"

வேட்பாளரும் விரல் வைத்தவர்தானே. அவருடைய முள் எந்த முகத்துக்குத் துள்ளியதோ அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லப் போவதில்லை என்பது மட்டும் புரிந்தது. தான் ஒத்திகை பார்த்த வார்த்தைகளும் இனி வெளியே வரப்போவதில்லை என்பதும் சேர்ந்தே புரிந்தது. சோறு போட்டாள். உப்பு கூடியிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

வானொலியில் அதிபரின் முதல் உரை வந்தது. எழவு வீட்டில் பேசும் அதே தணிந்த குரல்.

"அன்பான மக்களே, தேர்தல் முடிந்த நாள் முதல் ஒரு கலவரம் இல்லை, ஒரு வழக்கு இல்லை. மூன்று சனமும் ஒற்றுமையாக இருக்கிறோம். நம் தீவில் பயம் ஒழிந்துவிட்டது. அளப்பதற்கு ஒன்றுமே இல்லாதபோது அச்சமானி எதற்கு? அடுத்த தேர்தல்தான் எதற்கு?"

இருளப்பன் விருட்டென்று எழுந்துபோய் வானொலியின் திருகில் கை வைத்தார். அணைக்கப் போனவர், திறந்திருந்த சன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, தெருவுக்கே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.