பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

"அப்பா, நான் கூப்பிட்டது அதுக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் வரலையா?"

ஏழு மாதங்களுக்கு முன்னால், குளியலறைத் தரையிலிருந்து எழுந்து, நனைந்த கவுனின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே மகள் கேட்ட கேள்வி அது. அவளுக்கு அப்போது ஆறு வயது. "போய் டிரஸ்ஸை மாத்து, சிட்டு," என்று சிரித்து மழுப்பிவிட்டான் அப்பா. அன்று அவனுக்குத் தலைக்கு மேல் வேலை.

புதிதாக வரும் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் வீடியோக்கள்தான் அவன் பிழைப்பு. கைப்பேசி, கைக்கடிகாரம், தானே தரையைக் கூட்டும் இயந்திரம், எது வந்தாலும் அவன் வாயால் கேட்டுவிட்டு வாங்குகிற கூட்டம் ஒன்று இருந்தது. "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அவனுக்கு மனசு குளிரும்.

அந்த வியாழக்கிழமை வந்தது முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைக் கருவி. சிட்டு அதற்கு 'முட்டை' என்றே பெயர் வைத்துவிட்டாள். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் மாட்டிவைக்க வேண்டியது. அவர்கள் விழுந்தாலோ, முனகினாலோ, தரையைத் தட்டினாலோகூட அது கேட்டுவிடும். எங்கோ இருக்கும் பிள்ளையின் கைப்பேசியில் மணி அடிக்கும். பச்சை விளக்கு எரிந்தால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எல்லோரும் வீடியோ போடலாம் என்பது கம்பெனியின் நிபந்தனை. பத்து அடித்ததும் முதலில் போடுகிறவனுக்குத்தான் கூட்டம் சேரும்.

சிட்டுவைக் குளியலறைத் தரையில் படுக்கவைத்து, மெல்லக் கூப்பிடச் சொன்னான். தட்டச் சொன்னான். இருபது நிமிடம் குழந்தை கூப்பிட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. மணி அடிக்கவில்லை.

இன்னொரு கைப்பேசியை மேஜைக்குக் கீழே வைத்து, தன் எண்ணுக்குத் தானே அழைத்து, முட்டை எழுப்பிய மணிபோல அது அடிப்பதைப் படம் பிடித்தான். பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "முப்பது நாள் என் வீட்லயே வெச்சுப் பார்த்தேன். நம்பி உங்க அம்மாவை இதுகிட்ட விட்டுட்டுப் போகலாம்."

மூன்று மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளியூர் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்.

'அண்ணா, உங்கள் வீடியோ பார்த்துத்தான் வாங்கினேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து பதினோரு மணி நேரம் உயிரோடு இருந்திருக்கிறார். மோதிர விரலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மோதிரம் ஒரு பக்கம் தேய்ந்து தகடாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த முப்பது நாளில் ஒருநாளாவது குளியலறையில் வைத்துப் பார்த்தீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். போதும்.'

நான்கு முறை படித்தான். ஒரு வரி பதில்தான் கேட்டிருந்தாள். அவன் அதை 'பிறகு' என்று பெயரிட்ட கோப்புறைக்குள் தள்ளிவிட்டு முகம் கழுவப் போனான். கண்ணாடியைப் பார்க்காமலே கழுவினான். அன்றிலிருந்து அப்படித்தான் கழுவுகிறான்.

போன திங்கட்கிழமை, வீடியோ எடுக்கும் அறையின் அலமாரியைத் திறந்தபோது, பழைய வயர்களுக்கு நடுவே பச்சையாக ஏதோ மினுங்கியது.

"இந்த முட்டையை யாரு எடுத்து மாட்டினது?"

மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க அலமாரியைத் தொட்டா வீட்டையே ரெண்டாக்குவீங்க. நான் ஏன் தொடப்போறேன்?"

"வயரே மாட்டலடி. எரியுது."

"அப்ப அதையும் ஒரு வீடியோவாப் போட்டுடுங்க. கரண்டே இல்லாம ஓடுதுன்னு சொல்லுங்க. உங்க ஆளுங்கதான் நீங்க எது சொன்னாலும் நம்புவாங்களே!"

அவள் விளையாட்டாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

ஜன்னல் இல்லாத அறை அது. வெளியிலிருந்து சத்தம் வராமலிருக்க நான்கு சுவரிலும் கறுப்புப் பஞ்சுத் தகடுகள் ஒட்டியிருந்தான். புதன்கிழமை மதியம், எல்லா இரைச்சலையும் விழுங்கிவிடும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட புதிய ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். முதலில் மின்விசிறியின் முனகல் அடங்கியது, பிறகு தெருவில் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த லாரியின் கீச்சொலி அடங்கியது, பிறகு அவன் மூச்சே அவனுக்குக் கேட்காமல் போனது. ஈரத் துணியும் சோப்பும் கலந்த ஒரு வாடை மட்டும், அந்த அறையில் இருக்கவே கூடாத வாடை, பஞ்சுத் தகடுகளின் இடுக்கிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. அந்தச் சுத்தமான அமைதிக்குள், வெகு தூரத்தில், அவசரமே இல்லாமல்—

டொக். டொக். டொக்.

கழற்றினான். ஒன்றும் இல்லை. மாட்டினான்.

டொக். டொக். டொக்.

உலோகம் தரையில் படும் ஓசை. தட்டுகிற கைக்குச் சோர்வு தட்டியிருந்தது தெரிந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

பள்ளிவிட்டு வந்த சிட்டு வழக்கம்போல் ஹெட்ஃபோனைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரோ தட்டறாங்களே அப்பா. நீங்க போகலையா?"

சனிக்கிழமை மனைவி சிட்டுவையும் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "நாங்க வர ராத்திரி ஒன்பதாயிடும். நீங்களும் வாங்களேன். முகமே சரியில்ல."

"வேலை இருக்கு," என்றான். வேலை இருந்தது. ஏழு மாதத்து வேலை.

கதவு சாத்தியதும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பதில் எழுதினான். 'இல்லை அம்மா. ஒருநாள்கூட இல்லை. அரை நாள்தான் வைத்திருந்தேன். என் மகள் கூப்பிட்டபோதே அது மணி அடிக்கவில்லை. தெரிந்தே பொய் சொன்னேன்.' அனுப்பினான். வீடியோவை அழித்தான். விளக்கு, ஒப்பனை எதுவும் இல்லாமல் இதையே ஒரு நிமிடம் பேசிப் பதிவேற்றினான். குரல் நடுங்கியது. திருத்தாமல் விட்டான். கெட்டது செய்த கைக்கும் நல்லது ஒன்று செய்யக் கடவுள் கொஞ்சம் நேரம் கொடுக்கிறார். அவன் அதைத் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டான் என்றாலும், எடுத்துக்கொண்டான்.

காலை மணி பத்து. இனி அணைந்துவிடும் என்று நினைத்து அலமாரியைத் திறந்தான்.

பச்சை.

டொக்.

ஹெட்ஃபோன் மேஜையில் கிடந்தது. அவன் காதில் எதுவும் இல்லை.

டொக்.

சத்தம் அலமாரியிலிருந்து வரவில்லை. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வந்தது. அவன் வீட்டுக் குளியலறையிலிருந்து.

வெளிக்கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. செருப்பு இருந்தது. தெருவில் நல்ல வெயில், ஆள் நடமாட்டம். ஓடிவிடலாம். வேண்டிக்கொள்ள உதடு அசைந்தது. கூப்பிட்டால் போகாதவன் யாரைக் கூப்பிடுவது என்ற வெட்கத்தில் நின்றுவிட்டது.

கேட்டும் வரலையா?

நடந்தான். தாழ்வாரம் நீண்டது. சோப்பு வாடை. ஈர வாடை. அதற்கு அடியில் வேறொன்று. கதவு ஒருக்களித்திருந்தது. காலையில் அவனே துடைத்துவிட்டு வந்த தரை. ஈரம். வாளிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு மட்டும் ஈரம்.

யாரும் இல்லை.

டொக்.

தரை ஓடு ஒன்றில், ஒரே இடத்தில், மேல்பூச்சு பொடிந்து சின்னக் குழி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் பொடிந்தது.

ஈரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து அந்தக் குழியின் மேல் வைத்தான்.

"வந்துட்டேன்மா," என்றான். மறுபடி சொன்னான். "லேட்டாயிடுச்சு. வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

தட்டுவது நின்றது.

உள்ளங்கையில் முதலில் குளிர் வந்தது. பிறகு எடை. பிறகு ஒவ்வொன்றாக விரல்கள். ஒரு விரலில் தகடாகத் தேய்ந்த மோதிரம். அதன் விளிம்பு அவன் தோலை மெல்லக் கிழித்தது. அவன் கையை இழுக்கவில்லை.

அப்போதுதான், தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், யாரும் இல்லாத அறையில், அவன் கைப்பேசியில் முட்டையின் மணி முதல்முறையாக அடிக்கத் தொடங்கியது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது.

மேல் ஜன்னல் வழியே விழுந்த வெயில் சுவரில் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. பதினோரு மணி நேரம் ஆவதற்குள் அது சுவரை விட்டே போய்விடும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். பிறகு, ஈரத் தரையில் கன்னத்தைச் சாய்த்து, அந்தக் காலி இடத்துக்கு முகத்துக்கு முகமாகப் படுத்துக்கொண்டான்.

மூச்சு ஒன்று அவன் முகத்தில் பட்டது. பிடி இறுகியது.