பார்ட்டியை முடிச்சிடலாம்

"பார்ட்டியை நாளைக்குக் காலையில முடிச்சிடலாம்."

மொட்டை மாடியில் குனிந்து தரையை அளந்துகொண்டிருந்தவளின் கையில் டேப் அப்படியே நின்றது.

குரல் கீழேயிருந்து வந்தது. வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த சந்திலிருந்து...

வீட்டு புரோக்கரின் குரல்!

எதைப் பேசினாலும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனுஷன். இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. போனில் யாரிடமோ ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சற்று உரக்கவே பேசிக்கொண்டிருந்தார்.

"பார்ட்டிக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரலை சார். எதைச் சொன்னாலும் நம்பிடுது, பாவம்... ஆங்... ப்ளானெல்லாம் பக்கா. பக்கத்துக் காலி மனையிலதான். அடுத்த வாரம் பள்ளம் தோண்ட ஆளுங்க வந்துடுவாங்க... அதுவரைக்கும் விஷயம் வெளிய வரக் கூடாது. நீங்க தப்பித்தவறி வாயைத் திறந்துடாதீங்க... கையெழுத்து மட்டும் விழட்டும். அப்புறம் பார்ட்டி கத்தினாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொலை!

அவள் நாற்றுக்காரி. பூச்செடி விதைகளைத் தட்டுகளில் முளைக்க வைத்து, விரற்கடை வளர்ந்ததும் செடிக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் தொழில். வாடகை வீட்டு மாடிகளில் அந்தத் தட்டுகளை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் ஒழுகுகிறது என்பான் ஒரு வீட்டுக்காரன். மண் அடைக்கிறது என்பான் இன்னொருத்தன்.

முதல்முறை இந்த வீட்டின் மாடியில் ஏறி நின்றதும், கிழக்கே காலி மனையைத் தாண்டி வந்த காலை வெயில் அவள் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். கீழே எத்தனை அறை என்றுகூட அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

இதுவரை சம்பாதித்ததையெல்லாம் வழித்தெடுத்து இந்த வீட்டில் போடப் போகிறாள். நாளைக் காலை பத்திரப் பதிவு.

இந்த நேரத்தில் பார்ட்டியை முடிக்கப் போகிறார்களாம்!

எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற அந்தப் பாவப்பட்ட ஜீவன் யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரே ஆள்தான்.

அவள் புருஷன்.

கையெழுத்து வாங்குவார்கள்... பணத்தை வாங்குவார்கள்... பிறகு ஆளை முடித்துப் பக்கத்து மனையில் பள்ளம் தோண்டிப் புதைத்து, மேலே கான்கிரீட்டைக் கொட்டி மெழுகிவிடுவார்கள்!

பயம் வந்துவிட்டால் மூளை படுவேகமாய் வேலை செய்யும். சரியாக வேலை செய்யுமா என்பது வேறு விஷயம்.

* * *

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூச்சிரைக்க வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோது, ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

ஸ்க்ரூடிரைவர் அவர் கையிலிருந்து நழுவியது. முகம் வெளிறிப்போனது.

"புரோக்கர் யார்கிட்ட பேசினான்னு தெரிஞ்சுதா?"

"தெரியலைங்க. சார், சார்னு பேசினான். கூலிப்படைத் தலைவனா இருக்கும்."

அவர் நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டார்.

பாவம், எப்படிப் பயந்துபோயிருக்கிறார் என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

போலீசுக்குப் போகலாம் என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார். புரோக்கர் பேச்சே அப்படித்தான் என்றார். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் போலீஸ் கீலீஸ் என்று ஆரம்பிக்காதே என்றார். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

தன் உயிர் போனாலும் பரவாயில்லை, பெண்டாட்டிக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன்! அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அன்றைக்கு அவருடைய கால்களைப் பிடித்துவிட்டாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். அவர் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் அழுதாள்.

கொலை செய்யப்படவிருந்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

* * *

விடிந்ததும் பால் வாங்கப் போவதாய்ச் சொல்லிவிட்டு அவள் போய் நின்ற இடம், போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புகாரையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எதிரிங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"லிஃப்ட்டு நடுவுல நின்னப்போ உள்ள மாட்டினவங்கதான் சார்."

"அது ஊர்ல பாதிப் பேர் ஆச்சே..."

தொப்பியை மறுபடி எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அங்கேயே வைத்துவிட்டுச் சாதாரணச் சட்டைக்கு மாறினார்.

* * *

பத்திர ஆபீஸ்.

வீட்டை விற்கிற பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர்தான். நாற்றுக்காரி புருஷனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். எந்தப் பக்கத்திலிருந்து கத்தி வந்தாலும் குறுக்கே விழுந்துவிடுவது என்ற முடிவோடு இருந்தாள்.

புரோக்கர் வந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

"எல்லாரும் வந்தாச்சா? வாங்க, உள்ள போய் முடிச்சிடலாம்."

செய்தித்தாள் சடாரென்று கீழே இறங்கியது. ஒரு கை புரோக்கரின் மணிக்கட்டைக் கவ்வியது!

"யாரை?"

"எ... என்ன சார்?"

"யாரை முடிக்கப் போறேன்னு கேட்டேன்."

புரோக்கரின் முகத்திலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு இறங்கியது. இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைக் காட்டி அவரை வராந்தா ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாற்றுக்காரியும் புருஷனும் பின்னாலேயே போனார்கள்.

"பக்கத்து மனையில பள்ளம் எதுக்கு?"

"அஸ்திவாரத்துக்கு சார்."

"எதுக்கு அஸ்திவாரம்?"

புரோக்கர் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னிரண்டு மாடிக் கட்டடம் வருது சார். ப்ளான் பாஸாயிடுச்சு..."

"அப்போ கொலை?"

"ஐயையோ... நான் புள்ளகுட்டிக்காரன் சார். முடிக்கிறதுன்னா எங்க தொழில்ல வியாபாரத்தை முடிக்கிறது. கையெழுத்து வாங்குறது. ஆளைத் தொடுற பழக்கமே எங்களுக்குக் கிடையாது."

கொலை இல்லை!

அவளுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பியும் போனது.

பன்னிரண்டு மாடி... கிழக்குப் பக்கம்...

மத்தியானம் வரை மாடியில் ஒரு துளி வெயில் விழாது. அத்தனை தட்டு நாற்றும் வெளுத்து, நூலாய் நீண்டு, தலை சாய்ந்துவிடும்.

"இதை எப்போ எங்களுக்குச் சொல்றதா இருந்தீங்க?"

"சொல்லணுமா என்னம்மா... கட்டடம் எழும்பினா தானா தெரிஞ்சிடப் போகுது."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். பார்த்தீர்களா, உங்களை எப்படி ஏமாற்றியிருக்கிறான் பாருங்கள் என்று குமுறினாள். அவர் கூரையில் சுற்றிய ஃபேனைத் தொழில்முறை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போன்ல யார்கிட்ட பேசினே? அந்த சார் யாரு? வீட்டு ஓனரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

புரோக்கர் வாயைத் திறக்கவில்லை. அதுவரை ஓட்டை வாயாய் இருந்த மனுஷன் திடீரென்று கல்லாய்ச் சமைந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவருடைய போனைப் பிடுங்கினார். நேற்று எந்த நேரத்தில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது என்று நாற்றுக்காரியிடம் கேட்டார். விளக்கு வைக்கிற நேரம் என்றாள். அழைப்புப் பட்டியலை மேலே தள்ளி, அந்த நேரத்து எண்ணை அழுத்தினார்.

ஒரு விநாடி...

இரண்டு விநாடி...

டிரிங்... டிரிங்...

எங்கேயோ பக்கத்தில்தான் அடித்தது!

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த பெரியவரைப் பார்த்தார்கள். அவர் தூங்கிப் போயிருந்தார்.

சத்தம் அவளுடைய புருஷனின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

நெஞ்சு வலி வந்தவரைப்போல அவர் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க..."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கட்டடத்துல நாலு லிஃப்ட்டு வருது. பராமரிப்பு வேலையை எனக்கே தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இந்த வீட்டுல இருந்தா, சுவரைத் தாண்டினா வேலை. ஊர் ஊரா அலைஞ்சு முட்டி தேஞ்சுபோச்சும்மா..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வெயிலு வெயிலுன்னு ஆரம்பிச்சிருப்பே."

"செடிக்கு வெயில் வேணாமா?"

"பெரிய பல்பா ஒண்ணு மாட்டிக் குடுத்துடலாம்னு நெனைச்சேன்."

அவள் மெல்லப் புரோக்கரைப் பார்த்தாள்.

"அப்போ... எதைச் சொன்னாலும் நம்பிடுதுன்னு சொன்னீங்களே... அந்தப் பார்ட்டி..."

"எங்க தொழில்ல யாரைச் சம்மதிக்க வைக்கணுமோ அவங்கதான்மா பார்ட்டி. அதுல ஆம்பளை, பொம்பளைன்னு பேதம் பார்க்கிறதில்லை."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெயில் போனதற்காக வந்ததைவிட, நேற்று இந்த மனுஷனுக்காக அழுததை நினைத்துத்தான் அதிகம் வந்தது. ஊரே இவரை ஏமாற்றும் என்று கைக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இவரோ புரோக்கரோடு கூட்டுச் சேர்ந்து அவளுடைய கண்ணைக் கட்டியிருக்கிறார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேராகப் பெஞ்சுக்குப் போய்ப் பெரியவரை எழுப்பினாள். கையெழுத்துப் போடப் போவதில்லை என்று ஒரே வரியில் சொன்னாள். புரோக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

புருஷன் இரண்டடி தள்ளியே நின்றார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி விழிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அப்படித்தான் விழித்தார்.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து அவளுடைய புகாரை எடுத்து விரித்தார்.

"கொலை நடக்கப் போகுதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கம்மா. அப்படி ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. இதை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார்... நாங்க இன்னும் வீட்டுக்குப் போகலையே!"